டிரான்ஸ்ஃபாரிங்: ஆட்டப்பெயர்ப்பு

வீட்டில் டிவியோடு இணைத்து ஆடும் கன்சோலில் ஓர் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, கைக்கருவியில் விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு 2011 ஜூனில் ஒரு பெயர் அறிமுகமானது: டிரான்ஸ்ஃபாரிங் (transfarring). அறிவித்தவர் மெட்டல் கியர் வீடியோ ஆட்டங்களை உருவாக்கிய ஹிடேயோ கோஜிமா. இடம் மாற்றுவதைச் சொல்லும் டிரான்ஸ்ஃபரிங், பகிர்வதைச் சொல்லும் ஷேரிங் ஆகிய இரண்டையும் ஒட்டவைத்த கலப்புச் சொல் இது. ‘ஃபா’ எழுத்துப்பிழை அல்ல. ஷேரிங் (sharing) என்ற சொல்லின் ஆங்கில ‘a’ எழுத்து அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

2011 நவம்பரில் சோனியின் பிளேஸ்டேஷன் 3 கன்சோலுக்கு வந்த மெட்டல் கியர் சாலிட் எச்டி கலெக்‌ஷனோடு இந்த வசதி வந்தது. 2012இல் சோனியின் கைக்கருவியான வீட்டாவுக்கு அதன் பதிப்பு வந்தபோது, மெட்டல் கியர் சாலிட் 2, 3 ஆட்டங்களின் சேவ் கோப்பை, அதாவது ஆட்டம் நின்ற இடத்தைக் குறித்துவைக்கும் கோப்பை, இரு கருவிகளுக்கும் இடையே கொண்டுபோகலாம் என்றானது. தொகுப்பில் இருந்த பீஸ் வாக்கர் என்ற ஆட்டம் வீட்டா பதிப்பில் சேரவில்லை. ஆகவே அதற்கு வீட்டாவில் இது கிடையாது. மைக்ரோசாஃப்ட் கன்சோலான எக்ஸ்பாக்ஸ் 360இன் பதிப்பிலும் இந்த வசதி இல்லை. அதே 2011 ஆகஸ்டில் ஜப்பானில் வந்த மான்ஸ்டர் ஹன்டர் போர்ட்டபிள் தேர்ட் எச்டி பதிப்பு, சோனியின் பழைய கைக்கருவியான பிஎஸ்பியை யுஎஸ்பி கேபிளால் பிளேஸ்டேஷன் 3இல் செருகி இதே வேலையைச் செய்தது. அதற்குச் சோனி வைத்த பெயர் பிஎஸ்பி ரீமாஸ்டர்.

சொல்லில் ‘பகிர்தல்’ இருப்பதால் ஆட்டமே பகிரப்படுகிறது என்று பலரும் எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் போவது ஆட்டம் அல்ல, ஆட்டத்தின் நிலை மட்டும்தான். பிளேஸ்டேஷன் 3இன் உள்ளே இருக்கும் பிராசஸர் செல் வகை, பிஎஸ்பியில் மிப்ஸ், வீட்டாவில் ஆர்ம். ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றொன்றில் அப்படியே ஓடாது. எந்தக் கட்டத்தில் நிற்கிறீர்கள், கையில் என்ன ஆயுதம், எத்தனை உயிர் என்ற கணக்கு மட்டும் எங்கும் செல்லும். தாயம் ஆடும்போது காய்கள் நிற்கும் கட்டங்களைக் குறித்துக்கொண்டு, வேறொரு திண்ணையில் அதே கோடுகளைப் போட்டுத் தொடர்வது போல. கோடு இரண்டு திண்ணையிலும் இருக்க வேண்டும். அதாவது ஆட்டத்தை இரண்டு கருவிக்கும் வாங்கியிருக்க வேண்டும்.

ஆகவே ‘பகிர்வு’ என்று மொழிபெயர்ப்பது தவறான எதிர்பார்ப்பைத் தரும். சேவ் கோப்புக்கு ஆட்டநிலை என்பதும், அதை இடம் மாற்றுவதற்கு ஆட்டப்பெயர்ப்பு என்பதும் பொருந்தும். ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைப்பதே பெயர்த்தல். மொழிபெயர்ப்பிலும் இடப்பெயர்விலும் இருக்கும் அதே ‘பெயர்’ என்ற வினைதான். ‘தொடர்சேமிப்பு’ என்றால் வங்கியில் மாதாமாதம் கட்டும் பணம்தான் நினைவுக்கு வருகிறது, அது வேண்டாம்.

இப்படி ஒரு சொல் ஏன் தேவைப்பட்டது என்பதைப் பழைய கருவிகள் காட்டும். 1995இல் வந்த சேகா நோமாட், ஆறு பேட்டரியில் ஓடும் கைக்கருவி. சேகாவின் வீட்டுக் கன்சோலான மெகா டிரைவின் கேட்ரிட்ஜையே, அதாவது ஆட்டம் பதிந்த பெட்டியையே, அதில் செருகலாம். 2003இன் கேம் பாய் பிளேயர் இதற்கு எதிர்த்திசையில், கைக்கருவியின் கேட்ரிட்ஜை நின்டென்டோவின் கேம்கியூப் கன்சோல் வழியாக டிவிக்குக் கொண்டுவந்தது. சேவ் வசதியுள்ள கேட்ரிட்ஜ்களில் நிரல், உரிமை, ஆட்டநிலை மூன்றும் ஒரே பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருந்தன. கேட்ரிட்ஜை எடுத்துப் போனால் எல்லாமே போய்விடும். டிஸ்க் வந்தபின் ஆட்டநிலை மெமரி கார்டுக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் போனது. டிஜிட்டல் விற்பனை வந்தபின் உரிமை அக்கவுன்ட்டுக்குப் போனது. பிரிந்துபோன மூன்றுக்கும் இன்று தனித்தனிப் பெயர் வேண்டியிருக்கிறது.

சோனி 2012 ஆகஸ்டில் அறிவித்த கிராஸ்-பை என்பது உரிமை பற்றியது: பிளேஸ்டேஷன் 3க்கு வாங்கினால் வீட்டா பதிப்பு இலவசம். தமிழில் ஒருவிலை உரிமை எனலாம். கிராஸ்-சேவ் என்பது டிரான்ஸ்ஃபாரிங்கின் பொதுப்பெயர். ஒன்று இருந்தால் மற்றது இருக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். இரண்டு குறிகளையும் தனித்தனியே பாருங்கள்.

கிராஸ்-சேவ் பெரும்பாலும் ஆட்டத்தின் மெனுவிலேயே இருக்கும். முதல் கருவியில் ஆட்டத்தைச் சேமித்து, அப்லோடு கொடுத்து, முடிந்ததென்ற செய்தி வரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு இரண்டாவது கருவியில் டவுன்லோடு. இரண்டிலும் ஒரே அக்கவுன்ட், ஒரே அப்டேட் பதிப்பு இருப்பது நல்லது. வெவ்வேறு நாட்டு ஸ்டோரில் வாங்கிய பதிப்புகள் பல நேரம் ஒன்றையொன்று அறியாது. அதிகம் நடக்கும் விபத்து வேறு: கைக்கருவியில் மூன்று மணிநேரம் ஆடிவிட்டு அப்லோடு செய்ய மறந்து, மறுநாள் கன்சோலின் பழைய நிலையை மேலே ஏற்றுவது. பல ஆட்டங்கள் மேகத்தில், அதாவது இணையச் சேமிப்பிடத்தில், ஒரே ஒரு நிலையைத்தான் வைத்திருக்கும். கைக்கருவியில் டவுன்லோடு கொடுத்ததும் அந்தப் பழையது புதியதன் மேல் எழுதிவிடும். ஏற்றுமுன் இரு பக்கத்துத் தேதியையும் ஒப்பிட்டுப் பார்ப்பது ஒன்றே காப்பு.

2017 மார்ச்சில் நின்டென்டோ ஸ்விட்ச் வந்து, கன்சோலும் கைக்கருவியும் ஒன்றானபோது டிரான்ஸ்ஃபாரிங் என்ற சொல்லுக்கு வேலை குறைந்தது. ஆனால் ஒரே வீட்டில் இரண்டு ஸ்விட்ச் வந்ததும் சிக்கல் திரும்பியது. 2025 ஏப்ரல் இறுதியில் வந்த விர்ச்சுவல் கேம் கார்டு, டிஜிட்டலாக வாங்கிய ஆட்டத்தைக் கேட்ரிட்ஜ் போல ஒரு கருவியிலிருந்து வெளியே எடுத்து இன்னொன்றில் ஏற்ற விடுகிறது. முதல் இணைப்பின்போது இரு கருவிகளும் அருகருகே இருக்க வேண்டும். அதே குடும்பக் குழுவில் உள்ளவருக்கு 14 நாள் கொடுக்கவும் முடியும். அதுவரை கொடுத்தவர் ஆட முடியாது. வட்டியில்லாமல் வாங்கித் திருப்பும் சிறு கடனுக்கு நம்மிடம் உள்ள கைமாற்று என்ற சொல் இதற்கு அப்படியே பொருந்துகிறது.

கார்டோடு ஆட்டநிலை போகாது என்பதைக் கவனியுங்கள். அதற்கு சிஸ்டம் செட்டிங்ஸில் டேட்டா மேனேஜ்மென்ட், அதனுள் டிரான்ஸ்ஃபர் யுவர் சேவ் டேட்டா. ஒரு கருவியில் அனுப்பு, மற்றதில் பெறு. இது நகலெடுப்பதில்லை, அனுப்பிய கருவியிலிருந்து நிலை அழிந்துவிடும். ‘பெயர்ப்பு’ என்பது சரியான சொல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கட்டணச் சந்தா இருந்தால் மேகத்தில் நகல் வைக்கலாம், ஆனால் ஸ்பிளாட்டூன் 2, போக்கிமான் சோர்ட் போன்றவற்றுக்கு அது கிடையாது. அனிமல் கிராசிங் நியூ ஹொரைசன்ஸின் தீவை நகர்த்தத் தனிச் செயலி உண்டு.

எக்ஸ்பாக்ஸ் பிளே எனிவேர், 2016 முதல், எக்ஸ்பாக்ஸ் கன்சோலுக்கும் விண்டோஸுக்கும் இடையே ஒருவிலை உரிமையும் ஆட்டப்பெயர்ப்பும் சேர்ந்தது. டிஜிட்டலாக வாங்கியதற்கு மட்டும் செல்லும், டிஸ்க்குக்குச் செல்லாது. விண்டோஸில் ஓடும் ராக் எக்ஸ்பாக்ஸ் ஆலை (ROG Xbox Ally) போன்ற கைக்கருவியில், கன்சோலுக்கு மட்டும் வந்த ஆட்டத்தை நிறுவ முடியாது. அதை ஸ்ட்ரீமிங்கில்தான் ஆட வேண்டும்.

அந்த ஸ்ட்ரீமிங், ரிமோட் பிளே எல்லாம் வேறு வகை. 2023இன் பிளேஸ்டேஷன் போர்ட்டலில் ரிமோட் பிளே செய்யும்போது ஆட்டம் பிளேஸ்டேஷன் 5இலேயே ஓடுகிறது, கைக்கு வருவது படமும் ஒலியும் மட்டுமே. குறைந்தது 5 எம்பிபிஎஸ் இணைய வேகம் வேண்டும், 15 இருந்தால் நல்லது. நிலை இடம் மாறுவதே இல்லை என்பதால் இதை ஆட்டப்பெயர்ப்பு என்று எழுதக் கூடாது. தொலையாட்டம் என்று எழுதுங்கள்.