அவன் வந்தானா, அவள் வந்தாளா: மூக்கு செய்யும் வேலை

அரியாங்குப்பத்தில் சவுண்ட் சர்வீஸ் நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்:

"சார், ஜூன் 21 இசை நாளுக்குப் புதுச்சேரியில் ஒரு மேடைக்கு செட் போட்டோம். மிக்சரில் உட்கார்ந்த தம்பி 'டிம்பர் சரியில்லை' என்றான். கிதார் வாசிக்க வந்தவர் 'அது டிம்பர் இல்லப்பா, டேம்பர்' என்றார். பக்கத்தில் நின்ற சொல்தா வீட்டுப் பெரியவர் (பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த குடும்பம்), ரொம்ப வருஷம் பிரான்சில் இருந்தவர், இரண்டையும் கேட்டுச் சிரித்துவிட்டு மூக்கால் என்னவோ சொன்னார். நாங்கள் திருப்பிச் சொல்லிப் பார்த்தோம். 'விடுங்கப்பா, நம்ம வாய்க்கு அது வராது' என்றார். யார் சொல்வது சரி? நிஜமாகவே நம்ம வாய்க்கு வராதா?"

ஒலியின் தரத்தைக் குறிக்கும் timbre என்ற சொல்லை எப்படிச் சொல்வது என்ற முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஆள் பெயர் என்றால் ஆளைக் கேட்டால் போதும். சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவிக்குப் பேர்போன ராபர்ட் மோக் (1934–2005) பெயரை ஆங்கில எழுத்தில் பார்த்துவிட்டு 'மூக்' என்று படிப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர் தன்னை 'மோக்' என்றுதான் சொல்லிக்கொண்டார். வழக்கு முடிந்தது. ஸ்பீக்கர் கம்பெனி தொடங்கிய அமர் கோபால் போஸின் தந்தை வங்காளத்திலிருந்து அமெரிக்கா போன விடுதலைப் போராட்டக்காரர். அந்தப் பெயரின் கடைசி ஒலியை அமெரிக்கர்கள் அதிர விட்டுச் சொல்வார்கள். நாம் நேதாஜி பெயரைச் சொல்கிற மாதிரியே சொல்கிறோம். வங்காளிகள் 'போஷு' என்பார்கள். மாற்றிச் சொன்னாலும் ஸ்பீக்கர் பாடத்தான் போகிறது.

டிம்பருக்கு அப்படி உரிமைக்காரர் யாரும் இல்லை. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம் எடுத்துக்கொண்ட சொல். ஆங்கில அகராதிகள் 'டேம்பர்' என்பதை முதலில் போட்டாலும் 'டிம்பர்' என்பதையும் சேர்த்துக்கொள்கின்றன. பெரியவர் சொன்னது பிரெஞ்சு. ஆக மூன்று பேரும் சரி. (தாழ்ந்த ஒலிக்கான 'பேஸ்' என்பதை 'பாஸ்' என்று சொல்லும் நண்பர்களுக்குத்தான் என்னால் உதவ முடியாது.)

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. அதற்கு முன் அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று பார்த்துவிடுவோம். ஒலிக்கு சுருதி, உரப்பு, தரம் என்று பள்ளியில் படித்திருப்போம். அந்தத் தரம்தான் டிம்பர். நாதஸ்வரமும் வயலினும் ஒரே சுருதியில் ஒரே சத்தத்தில் ஒலித்தாலும் எது எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறோமே, அது. அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு 1960இல் தந்த விளக்கமும் ஏறக்குறைய இவ்வளவுதான்: சுருதியும் உரப்பும் ஒன்றாக இருந்தும் இரண்டு ஒலிகள் எதனால் வேறுபடுகின்றனவோ அதுவே தரம். இன்னது என்று சொல்லத் தெரியாமல் 'மிச்சமெல்லாம்' என்று தள்ளிவிட்ட விளக்கம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இப்போது சுருதியும் சத்தமும் மாறாமல் 'ஆ... ஈ...' என்று பாடிப் பாருங்கள். மாறியது தரம் மட்டும்தான். உயிரெழுத்துக்கு உயிரெழுத்து வேறுபடுவதே தரத்தால். டிம்பரா, டேம்பரா என்று மேடைக்குக் கீழே நடந்த தகராறு, தரம் என்பதற்கான சொல்லுக்காக தரத்தை வைத்தே நடந்த தகராறு.

வாய் இதைச் செய்யும் விதம் தெரிந்த கதை. ஓர் ஆணின் குரல்நாண்கள் நொடிக்கு 120 முறை அதிர்ந்தால் அதோடு 240, 360, 480 ஹெர்ட்ஸ் என்று மடங்குகளும் சேர்ந்தே பிறக்கும். தொண்டையும் வாயும் சேர்ந்த குழாய் அவற்றில் சிலவற்றை உயர்த்தும், சிலவற்றை அமுக்கும். 'ஆ' சொல்லும்போது தோராயமாக 700, 1,200 ஹெர்ட்ஸ் பக்கங்கள் எழும்பும். 'ஈ' என்றால் 300, 2,300 பக்கம். ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் மின்சார வசதி பெரிதாக இல்லாத 1860களிலேயே உலோகக் கோளங்களைக் காதில் வைத்துக் கேட்டு இந்த மடங்குகளைப் பிரித்துக் காட்டினார். நூறு வருடம் கழித்து ஸ்வீடனின் குன்னர் ஃபான்ட் இதை முழுக் கணக்காகவே எழுதிவிட்டார்.

சரி, மூக்குக்கு வருவோம். நாக்கு நுனியால் மேலண்ணத்தைப் பின்பக்கமாகத் தடவிக்கொண்டே போனால் எலும்பு முடிந்து மெத்தென்று ஓர் இடம் தட்டுப்படும். அதுதான் மெல்லண்ணம், அதன் கோடியில் தொங்குவது உள்நாக்கு. மூக்கால் மூச்சு விடும்போது மெல்லண்ணம் தொங்கிக் கிடக்கும். பேசத் தொடங்கினால் எழும்பி மூக்குப் பாதையை அடைக்கும். 'ம்', 'ன்' சொல்லும்போது மறுபடி இறங்கும், ஆனால் அப்போது வாய் எங்கேயாவது அடைபட்டிருக்கும். வாயும் திறந்து, மெல்லண்ணமும் இறங்கியிருந்தால்? அதுதான் மூக்கு கலந்த உயிர். பெரியவர் சொன்ன பிரெஞ்சுச் சொல்லில் இருப்பது அந்த உயிர்.

ஓடும் வாய்க்காலில் பக்க மடையைத் திறந்துவிட்ட மாதிரி ஒலியின் ஒரு பங்கு மூக்குக்குள் போகிறது. ஆனால் இந்த மடை எல்லாவற்றையும் ஒரே அளவில் இழுக்காது. மூக்கின் உள்ளே மடிப்பு மடிப்பாகச் சதை. இரு பக்கமும் சிறு துளை வழியாகத் திறக்கும் சைனஸ் அறைகள். ஒவ்வோர் அறையும் தனக்குப் பிடித்த அதிர்வெண்ணை விழுங்கிக்கொள்ளும். அதனால் வெளியே வரும் ஒலியில் அங்கங்கே பள்ளம் விழுகிறது. உயிரொலியின் முதல் முகடு, 'ஆ'வுக்கு 700 பக்கம் இருந்ததே, அது உயரம் குறைந்து அகலமாகிறது. கூடவே 250, 300 ஹெர்ட்ஸ் பக்கம் புதிதாக ஒரு மேடு முளைக்கிறது. மொத்தத்தில் உயிரின் முகம் மங்குகிறது. பிரெஞ்சில் மூக்கு சேராத உயிர்கள் ஒரு டஜன் பக்கம் இருந்தும், மூக்குயிர்கள் நான்கே நான்குதான். அந்த நான்கிலும் இரண்டைப் பாரிஸ் பக்கம் பலர் ஒன்றாகவே சொல்கிறார்கள். தெற்குப் பிரான்சில் இன்னும் பிரித்துத்தான் சொல்கிறார்கள். பெரியவரின் உச்சரிப்பையும் திருத்த பிரான்சில் ஆள் இருக்கும்.

இது நம் வாய்க்கு வராதாம். வீட்டில் பேசுகிறபடி, எழுத்தை மறந்துவிட்டு, 'அவன் வந்தான்' என்று சொல்லுங்கள். கடைசியில் நாக்கு மேலே போய் ஒட்டுகிறதா? சாதாரணப் பேச்சில் ஒட்டாது. 'வந்தா' என்று வாய் திறந்தபடியே நிற்கும். 'ன்' மூக்குக்குள் கரைந்திருக்கும். அடுத்து 'அவ வந்தா' என்று பெண்ணைப் பற்றிச் சொல்லுங்கள். 'வந்தாள்' என்பதன் 'ள்' விழுந்துவிடும்; மூக்கு சேராது. வாயின் வடிவம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வந்தது ஆணா பெண்ணா என்பதை மெல்லண்ணத்தின் சின்ன அசைவு தீர்மானிக்கிறது.

சந்தேகமாக இருந்தால் மூக்கை விரலால் இறுக்கிக்கொண்டு இரண்டையும் சொல்லிப் பாருங்கள். நடுவில் வரும் 'ந்' இரண்டிலும் அடைபடும், அதை விட்டுவிட்டு கடைசி 'ஆ'வை மட்டும் கவனியுங்கள். பெண் வந்ததில் அது அப்படியே கேட்கும். ஆண் வந்ததில் மட்டும் சளி பிடித்தவன் குரலில் கேட்கும், மூக்கின் பக்கவாட்டில் விரலுக்கு அதிர்வு தெரிய வரும். 'மரம்' என்பதைப் பேச்சில் சொல்லும்போது கடைசியில் வருவதும் இதே ரகம். 'அவன்' என்பதைத் தனியாகச் சொன்னால் முடிவில் வரும் உயிர், அந்தப் பிரெஞ்சுச் சொல்லில் வரும் உயிருக்கு ரொம்பப் பக்கம். தமிழன் அதை நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறான், சொல்லின் கடைசியில் மட்டும்.

சிக்கல் அந்த 'கடைசியில் மட்டும்' என்பதில்தான். தமிழ்ச் சொல்லின் நடுவில் மூக்கொலியும் அதிர்கிற 'ப'வும் அடுத்தடுத்து வந்தால் இடையில் 'ம்' இருந்தே தீரும்: கம்பு, தம்பி, பாம்பு. அதனால் பிரெஞ்சுக்காரர் தனி 'ம்' போடாமல் மூக்குயிரிலிருந்து நேராக அடுத்த எழுத்துக்குத் தாவினாலும், நம் காது ஒரு 'ம்' வைத்துக் கேட்டுக்கொள்கிறது. காது கேட்டதை வாய் சொல்கிறது. பழி வாய்க்கு.

காது எவ்வளவு சீக்கிரம் இப்படிப் பழகுகிறது என்பதை 1984இல் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இருவர் கனடாவில் சோதித்தார்கள். இந்தியில் உள்ள 'த'வுக்கும் 'ட'வுக்கும் வித்தியாசம் ஆங்கிலக் குடும்பத்துக் குழந்தைகளுக்குத் தெரிகிறதா என்று பார்த்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் பிரித்துக் கேட்டார்கள். பத்து, பன்னிரண்டு மாதத்தில் அந்தத் திறமை பெருமளவு போய்விட்டது. அது ஊனம் இல்லை, சிக்கனம். தன் வீட்டில் பயன்படாத வித்தியாசத்தைக் காது கழித்துவிடுகிறது. பெரியவர்களான பின்னும் பயிற்சியால் ஓரளவு மீட்கலாம்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வசம்பு ஞாபகம் வரும். பேச்சு வரத் தாமதமானால் நாக்கில் வசம்பைத் தேய்ப்பது, நாக்கு தடித்திருக்கிறது என்று கோயிலுக்கு நேர்ந்துகொள்வது இன்னும் நடக்கிறது. நாக்கைப் பார்க்கும் முன் காதைப் பாருங்கள். முதல் வருடத்துக்குள் இவ்வளவு வேலை நடக்கிறது என்றால், காது கேளாத குழந்தைக்கு ஒவ்வொரு மாதமும் இழப்பு. பிறந்த ஓரிரு நாளில், குழந்தை தூங்கும்போதே, காதுக்குள் மெல்லிய ஒலியை அனுப்பி, உட்காது பதிலுக்கு எழுப்பும் சிற்றொலியை அளக்கிற கருவி இருக்கிறது. வலிக்காது. எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் கேட்டுச் செய்துகொள்ள வேண்டிய பரிசோதனை.

ஆராய்ச்சிக்குப் பணம் என்ற பேச்சு வந்தால் நாம் உடனே ராக்கெட்டைப் பார்க்கிறோம். புதுச்சேரியில் மொழியியல் பண்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, 1955 முதல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. கடலூர் மாவட்டத்திலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தமிழும் பிரெஞ்சும் ஒரே வீட்டில் பேசும் குடும்பங்கள் தெருவுக்குத் தெரு. மூக்குயிரை ஆராய இதைவிட வாகான ஊர் எது? நல்ல மைக்கும் சத்தம் புகாத ஓர் அறையும் போதும். ராக்கெட்டின் ஒரு போல்ட்டு நட்டு விலைதான் ஆகும்.

அப்புறம், அரியாங்குப்பத்து நண்பருக்கு ஒரு வேலைக் குறிப்பு. பேச்சு 'குழம்புகிறது' என்று மிக்சரில் முதலில் குறைப்பது 250 ஹெர்ட்ஸ் பக்கம்தானே? மூக்கின் மேடு உட்கார்ந்திருக்கும் இடமும் அதுதான். பழைய டெலிபோன் லைன் 300க்குக் கீழே வெட்டிவிடும். அதனால் இந்த அடையாளத்தில் ஒரு பங்கு அங்கேயே கழன்றுபோகும். செய்தி வாசிப்பவருக்கு, எழுத்துத் தமிழில் 'ன்'னை முழுசாகச் சொல்பவருக்கு, தாராளமாகக் குறைக்கலாம். பேச்சுத் தமிழில் நாடகம் போடுகிறவர்கள் மேடை ஏறினால் மட்டும் அந்தக் குமிழைக் கொஞ்சம் பார்த்துத் திருகுங்கள்.