அவதூறு: பழி யார் மேல் விழுகிறது?

ஆங்கிலச் சட்டத்தில் அவதூறைக் குறிக்கும் ‘லைபல்’ என்ற சொல் பிறந்த கதை வேடிக்கையானது. இலத்தீனில் ‘லிபெல்லுஸ்’ என்றால் சிறு நூல். ஆளைத் தாக்கும் துண்டு நூல்கள் பெருகவே, நூலின் பெயர் குற்றத்தின் பெயராகிவிட்டது. எழுதினால் லைபல், வாயால் சொன்னால் ஸ்லாண்டர். இந்தியக் குற்றவியல் சட்டம் அப்படிப் பிரிக்கவில்லை. பேச்சு, எழுத்து, சைகை, படம் எல்லாம் ஒரே பிரிவுதான்: முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 499, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா 356.

நம் செய்தித்தாள்களில் குற்றத்துக்கு ‘அவதூறு’, இழப்பீடு கேட்டால் ‘மானநஷ்ட வழக்கு’. பழகிய சொற்கள்தாம். ஆனாலும் எனக்குப் பிடித்தது ‘பழிதூற்றல்’. களத்தில் நெல் தூற்றுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: காற்றில் விட்டால்தான் தூற்றல். சட்டமும் அதையே கேட்கிறது. தனியறையில் ஒருவரை முகத்துக்கு நேரே ஏசினால் அது வசை. மூன்றாமவர் காதுக்குப் போனால்தான் அவதூறு. சங்கப் பாடல்களின் ‘அலர்’ இதற்கு நெருங்கிய உறவு. என்ன, காதலர்களைப் பற்றி ஊர் பேசும் அலர் பெரும்பாலும் உண்மையாக இருக்கும்! நம் குற்றவியல் சட்டத்திலோ உண்மை என்பது மட்டும் போதாது, அதைச் சொன்னது பொதுநன்மைக்காகவும் இருக்க வேண்டும்.

சிக்கல், கூட்டமாக வந்து ‘எங்களைத் தூற்றிவிட்டார்கள்’ எனும்போதுதான். நிறுவனமோ சங்கமோ ‘நபர்களின் தொகுதி’யோ அவதூறுக்கு உள்ளாகலாம் என்று சட்டமே சொல்கிறது. எந்தத் தொகுதி?

1971 ஜனவரியில் சேலத்தில் திராவிடர் கழகம் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடத்தியது. அதன் தீர்மானம் ஒன்றைத் திரித்து வெளியிட்டதாக ‘தி இந்து’ உள்ளிட்ட நாளிதழ்கள்மீது வரவேற்புக் குழுத் தலைவர் வழக்குத் தொடுத்தார். 1972இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மாநாடு என்பது வருவோரும் போவோருமான கூட்டம். இன்னார் இன்னார் என்று வரையறுக்க முடியாத அதற்குத் தனியாக ஒரு நற்பெயர் ஏது?

2005இல் திருமணத்துக்கு முந்தைய உறவு குறித்து நடிகை குஷ்பு ஓர் இதழுக்குச் சொன்ன கருத்துக்காக, பெரும்பாலும் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து, 23 புகார்கள் குவிந்தன. தமிழ்ப் பெண்களையே இழிவுபடுத்திவிட்டார் என்பது ஒரு குற்றச்சாட்டு. அதே 1972 அளவுகோலை வைத்துப் பார்த்த உச்ச நீதிமன்றம் அவற்றையெல்லாம் 2010இல் ரத்து செய்தது.

‘மனம் புண்பட்டது’ என்பது வேறு, ‘பெயர் கெட்டது’ என்பது வேறு. முன்னதற்கு ‘இழிவுபடுத்தல்’, ‘புண்படுத்தல்’ என்ற சொற்கள் இருக்கின்றன. அவற்றைத் தொடும் சட்டப் பிரிவுகளும் தனியே உண்டு. இரண்டையும் ‘அவதூறு’ என்ற ஒரே தலைப்பில் அள்ளிப் போடுவது செய்தித்தாள்களே தமக்கு வைத்துக்கொள்ளும் வினை. புகார் நிற்காது என்று தெரிந்தும் அதைக் கொடுப்பவருக்குச் செலவு ஒரு மனு. பதிலளிப்பவருக்கோ, குஷ்பு வழக்கில் ஆனதுபோல, ஐந்து ஆண்டுகள்.