வாதத்தை எங்கே தட்டினால் ஆட்டம் காணும்?

அமெரிக்காவிலும் கனடாவிலும் சட்டக் கல்லூரியில் சேர எழுதும் எல்சாட் தேர்வுக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. கொடுத்த நாலு வரியைப் படித்து, அதில் என்ன சொல்லியிருக்கிறார்கள், எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கத் தெரிகிறதா என்பதைத்தான் 1948-இல் தொடங்கிய அந்தத் தேர்வு சோதிக்கிறது. 2024 ஆகஸ்டில் புதிர்ப் பகுதியை எடுத்துவிட்ட பிறகு, மதிப்பெண் கணக்கில் சேரும் மூன்று பகுதிகளில் இரண்டு தர்க்கப் பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 35 நிமிடம், சுமார் 25 கேள்விகள். அதில் அடிக்கடி வரும் ஒரு வகை: கீழே உள்ளவற்றில் எது, உண்மையாக இருந்தால், இந்த வாதத்தை மிகவும் பலவீனப்படுத்தும்?

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பெரும்பாலானோர் கொடுத்திருக்கும் தகவலே தப்பு என்றோ, முடிவு தப்பு என்றோ சண்டைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். ஆதாரத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள், முடிவை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள், அந்த ஆதாரத்திலிருந்து இந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்ற ஒரே இடத்தைப் பாருங்கள். அடி விழ வேண்டியது அங்கேதான்.

நானே ஒரு கேள்வி அமைக்கிறேன். ஒரு பெரிய அலுவலகத்தில், நின்றபடி வேலை செய்யும் உயரமான மேசையைப் பயன்படுத்துபவர்களில் முதுகுவலிக்காரர்களின் விகிதம், உட்கார்ந்து வேலை செய்பவர்களில் இருப்பதைவிட அதிகம். ஆகவே நின்று வேலை செய்வது முதுகுவலியை உண்டாக்குகிறது. இதுதான் வாதம். விடைகள் ஐந்து. அ: உயரமான மேசையின் விலை சாதாரண மேசையைப் போல இரண்டு மடங்கு. ஆ: உட்கார்ந்து வேலை செய்பவர்களில் சிலருக்கும் முதுகுவலி இருக்கிறது. இ: உயரமான மேசை கேட்டு வாங்கியவர்களில் பெரும்பாலோர், ஏற்கெனவே முதுகுவலி வந்து மருத்துவர் சொன்னதால் கேட்டவர்கள். ஈ: வேறொரு அலுவலகத்தில் அந்த மேசைகளை எடுத்த பிறகு முதுகுவலிப் புகார்கள் குறைந்தன. உ: நின்று வேலை செய்வது சௌகரியமாக இல்லை என்று பலர் சொல்கிறார்கள்.

அ எதையும் தொடவில்லை. ஈ வாதத்துக்குக் கை கொடுக்கிறது, எதிர்ப்பக்கம் போகும் இந்த மாதிரி விடையை வேண்டுமென்றேதான் வைப்பார்கள், ஏனென்றால் அவசரத்தில் படிப்பவருக்குப் பொருத்தமான விஷயத்தைப் பேசுகிறது என்பது மட்டுமே கண்ணில் படும். உ சௌகரியத்தைப் பேசுகிறது, வலி எதனால் வந்தது என்பதை அல்ல.

ஆள் சறுக்குவது ஆ-வில்தான். உட்கார்ந்தவர்களுக்கும் வலி இருக்கிறதே, அப்படியானால் நிற்பது எப்படிக் காரணமாகும் என்று மனசு உடனே பேசத் தொடங்கும். நிதானமாகப் பாருங்கள். வாதம் சொன்னது, நின்றவர்களிடம் விகிதம் அதிகம் என்பதைத்தான். உட்கார்ந்தவர்களுக்கு வலியே கிடையாது என்று எங்கும் சொல்லவில்லை, நிற்பது மட்டும்தான் காரணம் என்றும் சொல்லவில்லை. அப்புறம் அந்தச் 'சிலர்' என்ற சொல்: தர்க்கத்தில் குறைந்தது ஒருவர் இருந்தாலே அது உண்மையாகிவிடும். ஆயிரம் பேரில் ஒருவருக்கு வலி என்றால் வாதத்துக்கு என்ன நஷ்டம்?

இ வேறு மாதிரி வேலை செய்கிறது. ஆதாரத்தில் ஒரு எழுத்தைக்கூட அது மறுக்கவில்லை. நின்றவர்களிடம் வலி அதிகம், ஆமாம். ஆனால் மேசையால் வலி வரவில்லை, வலியால் மேசை வந்தது. காரணமும் விளைவும் இடம் மாறிவிட்டன. இத்தனைக்கும் முடிவு பொய்யென்று நிரூபணமாகிவிடவில்லை, வலியோடு வந்தவருக்கு நின்று நின்று இன்னும் மோசமாகியிருக்கவும் கூடும். பரவாயில்லை. பலவீனப்படுத்துவது என்றால் நம்பிக்கையைக் குறைப்பது, அவ்வளவுதான். வாதத்தை அடியோடு சாய்க்கும் விடையைத் தேடுகிறவர் சரியான விடையைத் தாண்டிப் போய்விடுவார்.

காரணம் சொல்லும் வாதங்களை ஆட்டிப் பார்க்க வழிகள் அதிகமில்லை: திசை தலைகீழாக இருக்கலாம், இரண்டையும் உண்டாக்கும் மூன்றாவது ஒன்று பின்னால் இருக்கலாம், அல்லது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருக்கலாம். அதே காரணம் இருந்தும் விளைவு வராத இடத்தைக் காட்டினாலும் வாதம் தளரும்.

பரீட்சை அறைக்கு வெளியிலும் இதே ஆட்டம் நடந்திருக்கிறது. 1950-இல் பிரிட்டனின் ரிச்சர்ட் டாலும் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்லும் புகைபிடித்தலையும் நுரையீரல் புற்றுநோயையும் தொடர்புபடுத்தி ஆய்வு வெளியிட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து, நவீன புள்ளியியலுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான ரொனால்ட் ஃபிஷர் எதிர்த்தார். எண்களை அவர் மறுக்கவில்லை. புகைக்கும் ஆசையையும் புற்றுநோயையும் சேர்த்தே தரும் மரபுக்கூறு இருக்கலாமே என்றார். புற்றுநோய்க்கு முந்தைய அழற்சிதான் ஆளைச் சிகரெட் தேடவைக்கிறதோ என்றும் கேட்டார், அப்படியே நம் மேசைக் கேள்வியின் இ! எல்சாட் விடைகளாக வந்திருந்தால் இரண்டுமே அருமையான விடைகள், ஏனென்றால் அங்கே 'உண்மையாக இருந்தால்' என்பதைக் கேள்வியே தந்துவிடுகிறது. வெளியுலகில் அதைச் சம்பாதிக்க வேண்டும். 1959-இல் ஜெரோம் கார்ன்ஃபீல்டும் சக ஆய்வாளர்களும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: புகைப்பவருக்கு ஆபத்து 9 மடங்கு அதிகம் என்றால், அதை முழுக்க விளக்கும் மறைமுகக் காரணமும் புகைப்பவரிடம் குறைந்தது 9 மடங்கு அதிகமாகக் காணப்பட வேண்டும். அப்படி எதையும் யாரும் காட்டவில்லை. எனவே தேர்வில் 'இது நிஜமாகவே நடக்குமா' என்று யோசித்து ஒரு விடையைத் தள்ளாதீர்கள், அந்தச் சந்தேகத்துக்கு அங்கே மதிப்பெண் இல்லை.

விடைகளைப் பார்க்கும் முன்னாலேயே அந்த ஓட்டையைக் கண்டுபிடிப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. இ-யைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: மேசை வாங்கியவர்களுக்கு அதற்கு முன் மற்றவர்களைவிட அதிக முதுகுவலி இருந்ததில்லை. அதே வாதத்தை வைத்து, எது இதை வலுப்படுத்தும் என்று கேட்டிருந்தால், விடை இதுவாகவே இருக்கும்.