பார்சலில் வரும் ஆண் ஹோர்மோன் ஊசி: வாங்குபவர் கேட்க வேண்டியவை

வெள்ளவத்தைப் பக்கம் மருந்தாளராக வேலை செய்யும் எனக்கு அண்மைக் காலமாக ஒரே மாதிரியான விசாரணைகள் வருகின்றன. கேட்பவர்கள் முப்பது, நாற்பது வயது ஆண்கள். கடையில் கூட்டம் குறையும்வரை காத்திருந்துவிட்டு, கைபேசியில் ஒரு குப்பியின் படத்தைக் காட்டுவார்கள். ஆண் ஹோர்மோனான டெஸ்டொஸ்டெரோன் ஊசி மருந்து. அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் அனுப்பியதாக இருக்கும், அல்லது ஜிம்மில் யாரோ எடுத்துக் கொடுத்ததாக இருக்கும். "அமெரிக்க மருந்துதானே, எஃப்டிஏ பார்க்காமலா விட்டிருக்கும்?" என்பதுதான் அவர்களது வாதம். எஃப்டிஏ என்பது அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு.

பார்க்கவில்லை. அந்தக் குப்பிகளில் பல, மருந்து நிறுவனங்களின் தயாரிப்புகள் அல்ல. அங்குள்ள மருந்தகங்கள் மூலப்பொருளை வாங்கித் தாங்களே கலந்து தயாரிப்பவை. இப்படிக் கலக்கப்படும் மருந்தின் பாதுகாப்பையோ பயனையோ தரத்தையோ எஃப்டிஏ முன்கூட்டிப் பரிசோதித்து அங்கீகரிப்பதில்லை. சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது, ஆனால் அந்த இடம் மிகக் குறுகியது. அமெரிக்க மருந்துச் சட்டத்தின் 503ஏ பிரிவின்படி, பெயர் குறிப்பிட்ட ஒரு நோயாளிக்காக வைத்தியர் எழுதிய மருந்துச்சீட்டு இருக்க வேண்டும். சந்தையில் கிடைக்கும் மருந்தையே நகலெடுத்து வழக்கமாகவோ பெருமளவிலோ தயாரிக்கக் கூடாது.

நியாயமான தேவை எப்படி இருக்கும்? டெஸ்டொஸ்டெரோன் எனந்தேட் ஊசி பொதுவாக நல்லெண்ணெயில் கரைக்கப்பட்டு வருகிறது. இன்னொரு வகையான சிப்பியோனேட் பருத்திவிதை எண்ணெயில். எள் ஒவ்வாத ஒருவருக்கு, பருத்திவிதையும் ஒத்துக்கொள்ளாவிட்டால், திராட்சைவிதை எண்ணெயில் கலந்து கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. எந்த எண்ணெயும் ஒவ்வாமை தராத ஒருவருக்கு, இணையத்தில் பத்துக் கேள்விகளுக்குப் பதில் எழுதிய கையோடு குப்பி வருகிறதென்றால், அதில் நோயாளியின் தேவை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

விதிகள் இறுகியதற்குப் பின்னால் ஒரு பெரிய துயரம் உண்டு. 2012இல் மசாசூசெட்ஸ் மாநிலத்து மருந்தகம் ஒன்று கலந்து அனுப்பிய ஸ்டெரொய்ட் ஊசிகளில் பூஞ்சை கலந்திருந்தது. முதுகுவலிக்கு ஊசி போட்டவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. 750 பேருக்கு மேல் நோயுற்றார்கள், 60 பேருக்கு மேல் இறந்தார்கள். மறுவருடமே புதிய சட்டம் வந்தது. தனித்தனி மருந்துச்சீட்டு இல்லாமல் மொத்தமாகக் கலக்க விரும்பும் நிலையங்கள் 503பி பிரிவின்கீழ் பதிவுசெய்து, எஃப்டிஏயின் சோதனைக்கு உட்பட்டு, மருந்துத் தொழிற்சாலைக்குரிய தர விதிகளைப் பின்பற்ற வேண்டும். அவற்றின் லேபலில் இது கலந்து தயாரிக்கப்பட்ட மருந்து என்ற வாசகமும் இருக்க வேண்டும். படத்தைப் பெரிதாக்கி முதலில் நான் தேடுவது அந்த வரியைத்தான்.

இதைவிட நான் அதிகம் வாதாடுவது ஹெச்சிஜி என்ற இன்னொரு ஹோர்மோன் ஊசி விடயத்தில். வெளியிலிருந்து டெஸ்டொஸ்டெரோன் ஏற்றினால், போதுமான அளவு இருக்கிறது என்று மூளை எடுத்துக்கொண்டு விதைகளுக்கு (விந்தகங்களுக்கு) அனுப்பும் சமிக்ஞையை நிறுத்திவிடுகிறது. விதைகள் சுருங்கும், விந்தணு எண்ணிக்கை விழும், சிலருக்குப் பூச்சியம்வரை போகும். ஊசியை நிறுத்தினாலும் பழைய நிலைக்குத் திரும்பப் பல மாதங்கள் பிடிக்கலாம். நம் குடும்பங்களில் குழந்தை தங்கவில்லை என்றால் மனைவியைத்தான் முதலில் ஸ்கேனுக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் அலைக்கழிப்பார்கள். கணவன் வாராவாரம் ஜிம்முக்காகப் போடும் ஊசியைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அவராகவும் சொல்வதில்லை. அந்த மௌனத்தின் செலவை மனைவிமார் கட்டுவது எனக்குக் கோபமூட்டுகிறது.

இந்தப் பாதிப்பைத் தணிக்கத்தான் ஹெச்சிஜி ஊசியையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். முன்பு அமெரிக்க மருந்தகங்கள் அதையும் மலிவாகக் கலந்து விற்றன. 2020 மார்ச் 23 முதல் அது உயிரியல் மருந்து வகைக்கு மாற்றப்பட்டதால், அந்த வகைக்குரிய உரிமம் இல்லாமல் மருந்தகங்கள் கலக்க முடியாது. ஆகவே இன்று பார்சலில் மருந்தகம் கலந்த ஹெச்சிஜி வந்தால், அது அமெரிக்காவின் விதிக்கே புறம்பானது. அதற்குப் பதிலாக விளம்பரமாகும் என்குளோமிஃபீன் என்ற மாத்திரையை எஃப்டிஏ இதுவரை அங்கீகரிக்கவில்லை.

கிரீம் வகைகளுக்கு வேறொரு ஆபத்து. தந்தையின் தோலில் பூசிய டெஸ்டொஸ்டெரோன் ஜெல் குழந்தைகளின் உடலில் ஒட்டி, அவர்களுக்குக் காலத்துக்கு முந்திய பருவ மாற்றங்கள் தோன்றியதால், 2009இல் ஜெல்லின் விபரத்தாளில் கட்டமிட்ட எச்சரிக்கை அச்சிட எஃப்டிஏ வைத்தது. மருந்தகம் கலந்து கொடுக்கும் கிரீம் டப்பாவில் அந்தத் தாள் இல்லாமலே போகலாம். ஒரே அறையில் பிள்ளையை நெஞ்சில் போட்டு உறங்கவைக்கும் தகப்பன்மார் நிறைந்த ஊர் இது. பூசியபின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பூசிய இடத்தைத் துணியால் மூட வேண்டும்.

நம் இலங்கைச் சட்டமும் தெளிவானது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ், தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பதிவும் உரிமமும் இல்லாத மருந்தை இறக்கி விற்க முடியாது. விளையாட்டு வீரர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: டெஸ்டொஸ்டெரோன் போட்டிக் காலத்திலும் மற்றக் காலத்திலும் தடைசெய்யப்பட்ட பொருள். அமெரிக்காவிலேயே அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் மூன்றாம் அட்டவணையில் இருக்கிறது. மைத்துனர் சொக்லேட்டோடு சேர்த்து அனுப்பக்கூடிய சாமான் அல்ல.

உண்மையிலேயே குறைபாடு உள்ளவர்களுக்கு இது நல்ல மருந்து, அதை மறுக்கவில்லை. ஆனால் குறைபாட்டை உறுதிசெய்ய வெவ்வேறு நாட்களில் இரண்டு காலைநேர இரத்தப் பரிசோதனைகள் தேவை. நீரிழிவும் பருமனும் குறட்டையோடு மூச்சுத் தடைப்படும் உறக்கக் கோளாறும் இந்த ஹோர்மோனைக் குறைக்கும். கொழும்பில் இவற்றுக்குப் பஞ்சமில்லை. டெஸ்டொஸ்டெரோன் சிகிச்சை பற்றி 2023இல் வெளியான ட்ராவர்ஸ் ஆய்வில், இதய நோய் உள்ள அல்லது அதற்கான ஆபத்து அதிகமுள்ள 5,200க்கும் மேற்பட்ட ஆண்களைக் கவனித்தார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஆனால் ஒழுங்கற்ற இதயத்துடிப்பும் நுரையீரலில் இரத்தக்கட்டியும் சிறுநீரகப் பாதிப்பும் மருந்து எடுத்தவர்களிடம் அதிகம். அதுவும் அளவு சரியாகத் தெரிந்த, அங்கீகரிக்கப்பட்ட ஜெல்லில் கிடைத்த முடிவு. இரத்தம் தடிக்கிறதா என்பதையும் இடைக்கிடை பார்க்க வேண்டும். இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹீமட்டோகிரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்திவைப்பார்கள்.

கொண்டுவந்த குப்பியைக் கடையிலேயே ஏற்றிவிடுமாறு கேட்பவர்களும் உண்டு. நான் மறுத்துவிடுவேன், சக மருந்தாளர்களும் மறுக்க வேண்டும் என்பேன். ஏற்கெனவே சில மாதங்களாகப் போட்டுவருபவர் என்றால், சட்டென்று நிறுத்துவதும் சோர்வையும் மனத்தளர்ச்சியையும் கொண்டுவரலாம். படத்தை மட்டும் காட்டாமல் குப்பி, பெட்டி, மருந்துச்சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஹோர்மோன் நோய்களைப் பார்க்கும் அகஞ்சுரப்பியியல் நிபுணரிடம் போங்கள். குழந்தைக்கு முயற்சிப்பவர் அதை அங்கே வாய்திறந்து சொல்லிவிட வேண்டும். சிகிச்சையே அதைப் பொறுத்து மாறும்.