ஜன்னலோரத்துப் பட்டன் ரோஜா

நர்சரியில் கொத்துக் கொத்தாய்ப் பூத்து நின்ற பட்டன் ரோஜாவை வாங்கி வந்து கூடத்து மேசையில் வைத்தால், பத்துப் பதினைந்து நாளில் கீழ் இலைகள் மஞ்சளாகி உதிரும். தாகம் என்று நினைத்துத் தண்ணீரைக் கூட்டுவார்கள். செடி இன்னும் வேகமாக வாடும்.

இலை உதிர்வது பெரும்பாலும் வெளிச்சக் குறைவால். செடி பகலில் வெயிலைக் கொண்டு சர்க்கரை தயாரிக்கிறது. இரவும் பகலும் சுவாசித்து அதைச் செலவழிக்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்தச் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். கும்பகோணத்திலும் மாயவரத்திலும் வைகாசி இரவில் வீட்டுக்குள் 30 டிகிரியை ஒட்டி இருக்கும். குளிர்நாட்டில் அரைகுறை வெளிச்சத்திலும் தாக்குப்பிடிக்கிற செடிக்கு இங்கே கையிருப்பு கரைந்துவிடுகிறது.

அதனால் ஜன்னலை ஒட்டியே வைக்க வேண்டும். மூன்றடி தள்ளினாலே செடிக்கு அது இருட்டு. 'தெற்கு ஜன்னல்' என்று வெளிநாட்டுக் குறிப்புகள் சொல்வது நமக்கு ஆண்டு முழுக்கப் பொருந்தாது. தஞ்சாவூர் சுமார் 10.8 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், ஏறக்குறைய சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை உச்சிப்பொழுதுச் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். அப்போது தெற்கு ஜன்னலில் வெயில் விழாது. மார்கழியில் தாராளமாக விழும். ஆண்டு முழுக்க நம்பத்தக்கது கிழக்கு ஜன்னல்தான். காலை வெயில் நான்கு மணி நேரம் கிடைத்தால் இலை நிற்கும். பூ நிறைய வேண்டுமானால் ஆறு மணி நேரம் வேண்டும். முற்றமுள்ள வீட்டில் மீதி வெயிலை அங்கே காட்டலாம்.

அடுத்தது தண்ணீர். பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சை நன்றாக நனைத்துத் தட்டையாகப் பிடியுங்கள். சொட்டு நின்றதும் அதைச் செங்குத்தாக நிமிர்த்துங்கள்: மறுபடியும் வடியும். நுண்துளைகள் பிடித்து நிறுத்தும் நீருக்கு ஓர் உயரம் உண்டு. அதற்கு மேல் இருப்பதுதான் வடியும். தொட்டியின் அடியிலும் இப்படி ஒரு ஈர அடுக்கு தங்கும். துளை நுண்மையாக ஆக, அடுக்கு உயரும். நம் வயல் வண்டலை 15 செ.மீ. தொட்டியில் நிரப்பினால் ஏறக்குறைய முழுவதும் சேறுதான். ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். வேர் மூச்சு முட்டி அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. ஈர மண்ணிலேயே செடி வாடுவது இதனால்தான். அடியில் ஜல்லி போடுவதும் வீண்: ஈர அடுக்கு ஜல்லிக்கு மேலே ஏறி உட்காரும், வேருக்கு இடம்தான் குறையும்.

தொட்டிக்கு ஏற்ற மண் கலவை இது: செம்மண் 2 பங்கு. ஆற்று மணல், நன்கு அலசிய தென்னை நார்க்கழிவு, மக்கிய சாணம், கருக்கிய உமி தலா 1 பங்கு. உமிக்கு அரிசி ஆலை இருக்கவே இருக்கிறது. கருப்பாக இருக்கும்போதே தண்ணீர் தெளித்து அணைத்துவிட வேண்டும். வெள்ளைச் சாம்பலானால் காரம் ஏறும். ரோஜாவுக்கு ஏற்ற பி.எச். (மண்ணின் அமில-கார அளவு) 6 முதல் 6.5. காரம் மிஞ்சினால் இரும்புச்சத்து வேருக்குக் கிடைக்காமல், இளந்தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

விரலை ஓர் அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் அடித்துளையில் வடியும் வரை ஊற்றுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருந்தால், ஐப்பசி மழையைப் பிடித்து வைப்பது நல்லது.

வாடிய பூவை, ஐந்து சிற்றிலை கொண்ட முதல் இலைக்கு அரை செ.மீ. மேலே வெட்டுங்கள். நுனியிலிருந்து வரும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனின் தடை நீங்கி, இலைக் கக்கத்து மொட்டு விழித்துக்கொள்ளும். ஆறேழு வாரத்தில் பூக்கும்.

கோடையில் இலையில் ஊசிமுனை அளவு வெளுத்த புள்ளிகள் தெரிந்தால், அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த துகள் நகர்ந்தால் சிலந்திப் பேன். அந்தச் சூட்டில் முட்டை மூன்று நான்கு நாளில் பொரிந்துவிடும்; எனவே ஒரு தடவை கழுவுவது போதாது. மூன்று நாளுக்கு ஒரு முறை, நான்கு தடவையாவது இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும். அதையும் காலையிலேயே செய்யுங்கள்: இலை ஏழு மணி நேரம் போல ஈரமாகவே இருந்தால் கரும்புள்ளிப் பூஞ்சை முளைத்துவிடும்.