சைட்டேசன்: மேற்கோளா, உசாத்துணையா, எடுத்தாள்கையா?

மட்டக்களப்பில் உளவளத்துணை (கவுன்சலிங்) படிக்கிற மருமகள் போன கிழமை கைபேசியை நீட்டி, "மாமா, இதைத் தமிழில எப்பிடி எழுதுற?" என்று கேட்டாள். திரையில் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடுகிற கூகுள் ஸ்கொலரில் ஒரு சிகிச்சை உளவியல் ஆய்வாளரின் பக்கம். அவர் வெளியிட்ட கட்டுரைகள் வரிசையாக, பக்கத்தில் 'சைட்டேசன்' என்று ஒரு பெரிய எண் (மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் அவற்றை எத்தனை தடவை சுட்டினார்கள் என்ற கணக்கு), கீழே 'எச் இன்டெக்ஸ்'. அவளுடைய குறிப்பில் இதற்கு 'மேற்கோள் தாக்கம்' என்று இருந்தது. இரண்டு சொல்லும் சரியில்லை என்று படக்கென்று சொல்லிவிட்டேன், ஏன் சரியில்லை என்று மறுகாதான் யோசித்தேன்.

சைட்டேசனுக்கு மூலம் லத்தீனில் 'சிதாரே', அழைப்பது, வரவழைப்பது. ஆங்கிலத்துக்கு வந்தபோது அது நீதிமன்ற அழைப்பாணை. ஆளைக் கூப்பிட்ட சொல் பிறகு நூலையும் சாட்சிக்குக் கூப்பிடத் தொடங்கியது. எந்தத் தீர்ப்பை எந்தத் தீர்ப்பு சாட்சிக்கு இழுத்தது என்று அமெரிக்காவில் பிராங்க் செப்பர்ட் 1873இலேயே வழக்கறிஞர்களுக்காகத் தொகுக்க ஆரம்பித்தார். அதைப் பார்த்துத்தான் தகவல் அறிவியலாளர் யூஜின் கார்ஃபீல்ட் 1955இல், அறிவியல் கட்டுரைகளுக்கும் இப்படி ஒரு அட்டவணை வேண்டும் என்று எழுதி, 1960களில் பிலடெல்பியாவிலிருந்து அதை வெளியிட்டும் காட்டினார்.

சரி, மேற்கோளுக்கு வருவோம். மேல் + கோள். கொள் என்பது நீண்டு கோள் ஆனது, கெடு கேடு ஆனதைப் போல. கோள் சொல்கிறவனும் ஒருவன் சொன்னதை இன்னொருவனிடம் கொண்டுபோகிறவன்தான் என்று வேடிக்கையாகச் சொல்லலாம், ஆனால் அவன் மூலத்தைக் காட்டமாட்டான். தொல்காப்பியர் 'என்ப', 'என்மனார் புலவர்' என்று பேர் சொல்லாமலே முன்னோரைச் சுட்டிவிட்டுப் போனார். உரைகாரர்கள் பழம்பாட்டு வரிகளை அப்படியே எடுத்து வைத்தார்கள். அதுதான் மேற்கோள்: பிறருடைய சொல், அவர் சொன்னபடியே, நம் பேச்சுக்கு நடுவில்.

அந்தப் பக்கத்தில் எண்ணப்படுவது அது அல்லவே! மனநல மருத்துவர் ஆரோன் பெக்கும் அவரோடு வேலை செய்தவர்களும் 1961இல் மனச்சோர்வை அளக்க ஒரு வினாக்கொத்தை வெளியிட்டார்கள். அதைப் பயன்படுத்துகிற ஒவ்வொரு ஆய்வாளரும் 'பெக், 1961' என்று ஒரு குறிப்புப் போட வேண்டும், ஆனால் அந்தக் கட்டுரையிலிருந்து ஒரு வரிகூட எடுத்து எழுத வேண்டியதில்லை. உளவியலில் எண்ணிக்கை ஏறுகிற கட்டுரைகள் பல இந்த மாதிரி அளவுகோல் கட்டுரைகள்தான், சிந்தனைக்காக அல்ல, கருவிக்காக. இதற்கு மேற்கோள் எண்ணிக்கை என்று எழுதினால் எத்தனை வாசகத்தைப் பெயர்த்து எழுதினார்கள் என்றல்லவா படும்?

எங்கள் பக்கத்துப் புத்தகங்களில் கடைசிப் பக்கப் பட்டியலுக்கு 'உசாத்துணை' என்று போடுவோம். உசாவுதல் என்றால் கேட்டு ஆராய்தல், உசாத்துணை என்பது முன்பு நாம் யோசனை கேட்கிற நெருங்கிய ஆளைக் குறித்தது. உளவளத்துணையிலும் அதே துணை நிற்பது எனக்குப் பிடித்த பொருத்தம். ஆனாலும் அது நான் யாரிடம் கேட்டேன் என்பதைச் சொல்லும் சொல், என்னை எத்தனை பேர் எடுத்தார்கள் என்று அதை வைத்து எண்ண முடியாது. அதற்கு எடுத்தாள்கைதான் சரி. எடுத்து, ஆளுதல். ஆளுகிறவர் ஒப்புக்கொண்டுதான் ஆள வேண்டும் என்பதில்லை, அதுவும் இந்தச் சொல்லுக்குள் அடங்கும். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட 1998ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழ்க் கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது, ஆனால் மறுக்கிறவர்கள் சுட்டியதே அதற்கு எண்ணிக்கையை ஏற்றிவிட்டது.

'தாக்கம்' மீது எனக்கு உள்ள கோபம் வேறு. கல்லாறிலோ கல்முனையிலோ உள்ள ஒரு அம்மாவிடம் தாக்கம் என்று சொல்லிப் பாருங்கள், 2004 மார்கழிச் சுனாமிதான் ஞாபகத்துக்கு வரும். 'மனத்தாக்கம்' என்பது உளவியலாளரிடம் வருகிறவரின் பாடு. அதே சொல்லை உளவியலாளரின் பேருக்குப் பக்கத்தில் பெருமையாக எழுதுவது நன்றாகவா இருக்கு? செல்வாக்கு என்று எழுதலாம், இல்லாவிட்டால் வீச்சு.

எச் இன்டெக்ஸ், ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் சொன்ன கணக்கு. ஒருவரின் ஐந்து கட்டுரைகள் 40, 12, 6, 3, 1 தடவை எடுத்தாளப்பட்டிருந்தால் அவருடைய எண் 3, ஏனென்றால் முதல் மூன்று கட்டுரைகளும் மூன்றோ அதற்கு மேலோ வாங்கியிருக்கின்றன, நாலாவது நாலைத் தொடவில்லை. அந்த 40 நானூறு ஆனாலும் எண் அசையாது. எச் சுட்டெண் என்று எழுதினால் போதும், விலைச் சுட்டெண் எங்களுக்குப் பழக்கம்தானே.

இவ்வளவையும் கேட்டுவிட்டு மருமகள், "எடுத்தாள்கை எண்ணிக்கை எண்டு எழுதினா வாசிக்கவே மூச்சு முட்டுது மாமா" என்றாள். அதுவும் உண்மைதான். பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு வினையில் எழுதச் சொன்னேன்: 'இவருடைய கட்டுரைகள் இத்தனை தடவை எடுத்தாளப்பட்டுள்ளன.' அப்படியே எழுதிக்கொண்டு போனாள்.