கவராயம் என்பது திசைகாட்டி அன்று

"அளவுகோலும் திசைகாட்டியும் கொண்டு முக்கோணம் வரைக." இப்படி ஒரு வரியை இந்த மாதம் மட்டும் மூன்று இடங்களில் படித்துவிட்டேன். அவற்றில் ஒன்றில் அளவுகோலையும் காணவில்லை. ஆங்கில 'ரூலர்' என்ற சொல்லைத் தவறாகப் பெயர்த்ததால் அந்த இடத்தில் 'ஆட்சியாளர்' இருந்தார். திசைகாட்டி மாலுமிக்கு வடக்கைக் காட்டும். அதை வைத்துக்கொண்டு வட்டத்தின் பகுதியான ஒரு வில்கூட வரைய முடியாது. அதற்கு வேண்டிய கருவி கவராயம்.

ஆங்கிலத்தில் இரண்டு கருவிகளுக்கும் 'காம்பஸ்' என்றே பெயர். அது அந்த மொழியின் சிக்கல்; நமக்கு இல்லை. நம் பாடநூல்களில் கவராயம் என்ற சொல் இருக்கிறது. கவர் என்றால் இரண்டாகப் பிரிதல். பாதை பிரியும் இடம் கவர்வழி. கவடு, கவட்டை, கவை எல்லாம் இந்தக் குடும்பம்தான். இரண்டு கால் விரிந்து நிற்கும் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

'வட்டமானி' என்று சொன்னால் எளிதாகப் புரியுமே என்கிறார்கள் சிலர். எனக்கு உடன்பாடில்லை. மானி என்றால் அளப்பது: வெப்பமானி வெப்பநிலையை அளக்கிறது, பாகைமானி கோணத்தை அளக்கிறது. கவராயம் எதையும் அளப்பதில்லை. எடுத்த அளவை மாறாமல் இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகிறது. சரி, 'வட்டவரைவி' என்று மாற்றிக்கொள்ளலாமா? அதுவும் பாதி வேலையைத்தான் சொல்கிறது. 7, 6, 5 செ.மீ. பக்கங்கள் கொண்ட முக்கோணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 7 செ.மீ. கோடு வரைந்து, அதன் ஒரு முனையில் ஊசியை ஊன்றி 6 செ.மீ. ஆரத்தில் ஒரு வில். மறு முனையிலிருந்து 5 செ.மீ. ஆரத்தில் இன்னொரு வில். இரண்டும் வெட்டும் புள்ளிதான் மூன்றாம் உச்சி. இதில் முழு வட்டம் எங்கே வந்தது? 8, 4, 3 என்று எடுத்தால் விற்கள் சந்திக்கவே சந்திக்காது. 4, 3 இரண்டையும் கூட்டினாலும் 8-ஐ எட்டாதே. பழங்கால கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடின் 'எலிமென்ட்ஸ்' தொகுப்பில், முதல் நூலின் முதல் கூற்றே கொடுத்த கோட்டின்மேல் சமபக்க முக்கோணம் வரைவதுதான். அங்கே வட்டம் வழி மட்டுமே, வேண்டியது முக்கோணம். கருவியின் உருவத்தைச் சொல்லும் கவராயம் எல்லா வேலைக்கும் பொருந்துகிறது.

ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டுகிற பழக்கம் இத்தோடு நிற்கவில்லை. முக்கோணம் வரைவதை 'முக்கோணக் கட்டுமானம்' என்று எழுதுகிறார்கள். கட்டுமானம் என்றதும் மாணவன் மனத்தில் செங்கல்லும் சாரமும்தான் வரும். வரைதல், அமைத்தல் என்று இரண்டு நல்ல சொற்கள் இருக்கின்றன. அந்தப் பாடத்துக்கே செய்முறை வடிவியல் என்றுதான் பெயர்.